கண்ணாடிக் குழாயும் கழுவும் தூளும்

கண்ணாடிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. மண்பானை தன்னிற் படிந்த அழுக்கைத் தானே மறைத்துக்கொள்ளும். பித்தளைச் செம்பு களிம்பேறினாலும், புளியிட்டுத் துலக்கும் நாள்வரை ஒருவாறு பொறுத்திருக்கும். கண்ணாடியோ தன் வயிற்றிலுள்ள குறையை ஊரறியக் காட்டிவிடும். அதிலும் கண்ணாடிக் குழாய் என்றாற் சொல்லவேண்டியதில்லை. கை நுழையாது, துணி நுழையாது, நுழைந்த தூரிகையும் கொண்டுசென்ற தூளிற் பாதியை உள்ளே விட்டுவிட்டுத்தான் திரும்பும்.

கண்டி நகரைச் சூழ்ந்த ஊரொன்றில் இரசாயனம் கற்பிக்கும் நமக்குக் கண்ணாடிக் குழாய்களோடு இருபது ஆண்டுக்குக் கிட்டிய பழக்கம். துளித்துளியாக அமிலத்தை அளந்து விடுகின்ற அளவி, வாயால் உறிஞ்சாதீர்கள் என்று நாள்தோறும் மாணவரை எச்சரிக்க வேண்டியிருக்கும் குழாயி, நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் இலீபிக் ஒடுக்கி ஆகியவை நம் ஆய்கூடத்தின் மூன்று முக்கிய உறுப்பினர். இவற்றுள் ஒடுக்கியே உண்மையான நீர்க்குழாய். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு குழாய்கள் அதில் உண்டு. உட்குழாயில் ஆவி செல்லும். வெளிக்குழாயிற் குளிர்ந்த நீர் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டிருக்கும். ஜேர்மானிய அறிஞர் லீபிக்கின் பெயரால் இது வழங்கினும், அவர் 1803 ஆம் ஆண்டிற் பிறப்பதற்கு முன்னரே, 1771 இல், வைகல் என்பார் இத்தகைய கருவியை விவரித்துவிட்டார். லீபிக் அதனை எங்கும் பரப்பினார். பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. அந்த வெளிக்குழாயின் உட்புறத்தைத் தூரிகையாலும் தொடமுடியாது. அதிற் படிந்த கறையைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஆய்கூட உதவியாளர் எவரும் இருக்க முடியாது என்பது நம் துணிபு.

சென்ற ஆண்டு நம் கல்லூரிக்குப் பெரியவர்கள் சிலர் வருகை தரவிருந்தார்கள். ஆய்கூடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை. உதவியாளர் நம்மினும் மூத்தவர், பொறுமைசாலி. அவரிடம், "அண்ணே, இந்த அளவிகளை எல்லாம் நல்ல தூளாகப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்" என்றோம். அவர் சற்றுத் தயங்கினார். "சேர், வழமையாகச் சவர்க்காரத் தண்ணீர்தானே?" என்றார். "கறை போகவில்லையே! பாத்திரம் துலக்கும் தூள் ஒரு பேணி வாங்கி வாருங்கள்" என்று பணம் கொடுத்ததும் நாமே. ஆறு அளவிகள் அன்று துலக்கப்பட்டன. வெயிலிற் காய்ந்து, தாங்கிகளில் அவை நின்ற அழகைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். வந்தவர்களும் மெச்சிப் போனார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு வகுப்பின் பின்னும் அதே தூள், அதே தேய்ப்பு.

அடுத்த வாரம் உயர்தர வகுப்பு மாணவர்க்கு நியமிப்புப் பரிசோதனை நடந்தது. குடுவையில் 25 கன சென்ரிமீற்றர் சோடியம் காபனேற்றுக் கரைசல். அளவியில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும் கணத்தில் அமிலத்தை நிறுத்தி, எவ்வளவு செலவாயிற்று என்று குறிக்கவேண்டும். ஏறத்தாழ எல்லோரும் 24.8, 24.8, 24.9 என்று அழகாக எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 26.1, 25.3, 24.9 என்று எழுதியிருந்தாள். தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருகின்ற பிள்ளை. மூன்று வாசிப்பும் ஒன்றோடொன்று ஒவ்வாமை பெருங்குற்றம் அல்லவா? சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதினோம். "நான் எழுதினது வந்த கணக்குத்தான் சேர்" என்றாள். "வந்த கணக்கு இப்படி வரக்கூடாது" என்றோம். அவள் மறுமொழி கூறவில்லை.

அதன்பின் இரண்டு வாரம் அவள் செய்முறை வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, விஞ்ஞானப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாற விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறாள் என்று தோழியர் கூறினர். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நாம் எண்ணவில்லை. ஆயினும் அவள் மாற விரும்பியது கலையின்மேற் கொண்ட காதலால் அன்று என்பது நமக்குத் தெரிந்தேயிருந்தது.

இந்த நிலையில், வேறொரு வகுப்புக்குச் செய்துகாட்டுவதற்காக அதே தாங்கியில் நின்ற அளவியை நாமே எடுத்தோம். அமிலத்தை வார்த்து நிறுத்தினோம். சன்னலூடே வந்த வெளிச்சத்தில், திருகுவாய்க்குச் சற்று மேலே, ஊசிமுனை போன்ற குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு மேலேறின. காற்றுக்குமிழி என்று தட்டிவிட்டோம். மீண்டும் வந்தன. நியமித்தோம்: 25.9. மறுமுறை: 25.2. மூன்றாம் முறை: 24.9. சிறிது நேரம் நாம் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றோம் என்பதை ஒளிப்பானேன்?

தூளுக்குள் இருப்பது என்ன?

பாத்திரம் துலக்கும் தூளில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கும். தேய்ப்பதற்கு ஒரு கற்பொடி; எண்ணெய்ப் பசையைக் கழற்றுவதற்குச் சோடாவும் சவர்க்காரச் சரக்கும்; சிலவற்றில் நிறம் போக்குவதற்கு வெளிற்றும் பொருள். கற்பொடி எதுவென்பதிலேதான் விசேஷம் இருக்கிறது. இன்றைய தூள்கள் பலவற்றில் அது கல்சைற்று, அதாவது கல்சியங் காபனேற்று. சுண்ணாம்புக் கல்லும், முட்டையோடும், சிப்பியும் அதுவே. அமிலம் பட்டால் அது காபனீரொட்சைட்டுக் குமிழிகளை விட்டுக் கரையும். கரையும்போது அமிலத்தின் வலுவையும் தின்றுவிடும். வலுக்குறைந்த அமிலம் கூடுதலாகச் செலவாகாமல் என் செய்யும்?

கணக்கும் போட்டுப் பார்த்தோம். 50 கன சென்ரிமீற்றர் அளவி நிறைய, லீற்றருக்குப் பத்திலொரு மூல் செறிவுள்ள அமிலம். 24.8 வரவேண்டிய இடத்தில் 26.1 வருவதற்கு, அமிலத்தின் வலு நூற்றுக்கு ஐந்து அளவிற் குறைந்தாற் போதும். அதற்கு வேண்டிய கல்சைற்று ஏறத்தாழ 13 மில்லிகிராம். ஓர் அரிசிமணியின் நிறையிற் பாதியளவு! முதன்முறை பெரும்பகுதி கரைந்துவிட, இரண்டாம் முறை மிச்சம் கரைய, மூன்றாம் முறை வாசிப்பு உண்மையை அண்மி வருகிறது. ஆகவே இறங்கி வந்த அந்த மூன்று எண்களும் பிழையல்ல. அளவி தன் அழுக்கைத் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அதே ஆறு அளவிகளைக் கொண்டு மற்ற ஐவர் எவ்வாறு 24.8 பெற்றார்கள் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. அதனைப் பின்னர் தனியே விசாரித்தோம். அவ்விசாரணையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

கற்பொடியைப் பற்றி இன்னும் சில வார்த்தை. ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா என்பதை அறிய, மோஸ் என்னும் அறிஞர் 1812 ஆம் ஆண்டில் ஒன்று முதற் பத்து வரையிலான ஒரு வரிசையை வகுத்தார். அதிற் கல்சைற்றுக்கு 3, களிக்கல்லுக்கு 6, வெண்மணலின் உயிரான படிகக்கல்லுக்கு 7. சாதாரணக் கண்ணாடி 5½ க்கும் 6 க்கும் இடைப்பட்டது. ஆதலால் மணல் கலந்த தூள் கண்ணாடியைக் கீறியே தீரும். 1886 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பிறந்த 'பொன் அமி' என்னும் துலக்கும் பொருள், படிகக்கல்லுக்குப் பதிலாகக் களிக்கல்லைக் கொண்டதனாலேயே 'கீறாதது' என்று பெயர் வாங்கியது. இங்கிலாந்தில் லீவர் சகோதரர் 'விம்' தூளை 1904 இல் வெளியிட்டனர். நம் நாட்டில் அப்பெயர் துலக்கும் பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. எந்தத் தூளாயினும் 'விம் போட்டுக் கழுவு' என்பதே வீட்டு வழக்கு. களிக்கல்லுக்கு நாம் அமெரிக்கா போகவேண்டியதில்லை என்பதும் ஒரு வேடிக்கை. கண்டிக்கு வடக்கே மாத்தளைப் பக்கத்தில் அது நிலத்திலிருந்து அகழப்படுகிறது. போய்ச் சேருவது பெரும்பாலும் பீங்கான் தொழிலுக்கு.

நம் பாட்டிமார் விளக்குச் சிமினியைத் துலக்கியது அடுப்புச் சாம்பலால். விறகுச் சாம்பலில் உள்ள காரம் புகைக்கரியின் எண்ணெய்ப் பசையைக் கழற்றும். மென்மையான பொடி கரியைத் துடைக்கும். சலித்த சாம்பலாகப் பார்த்து, ஈரத்துணியில் ஒற்றி, சிறுபிள்ளையின் கையை உள்ளே விட்டுச் சுழற்றச் செய்வார்கள். உமிச்சாம்பலை அவர்கள் சிமினிக்கு ஏன் ஆகாதென்று ஒதுக்கினர் என்பது நமக்கு வெகுகாலம் விளங்கவில்லை. உமிச்சாம்பலிற் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்காவே என்று படித்த பின்னரே புரிந்தது. மோஸின் வரிசையை அவர்கள் கண்டதில்லை. கீறல் விழுந்த சிமினியைக் கண்டிருப்பார்கள்.

நீரும் ஒரு குற்றவாளி

கறை முழுவதற்கும் தூளையே பழிப்பதும் முறையன்று. கண்டி மலைகளிற் பெய்கின்ற மழைநீரும், அதைச் சுமந்து ஓடும் ஓடைநீரும் பொதுவாக மென்னீர். ஆனால் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் நிலத்தடியிற் பளிங்குச் சுண்ணாம்புக் கல்லின் பட்டைகள் ஓடுகின்றன. திகனைப் பக்கம் சென்றவர்கள் தொலமைற்றுக் கல் உடைக்கும் இடங்களையும் சுண்ணாம்புச் சூளைகளையும் கண்டிருப்பார்கள். அத்தகைய நிலத்திற் தோண்டிய கிணற்றின் நீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெண்படலம் கட்டும். நீரிற் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, வெப்பம் ஏறியதும் கரையாத காபனேற்றாக மாறிப் படிவதே அப்படலம். ஒடுக்கியிலும் இதே கதைதான். கீழே குளிர்ந்து புகுந்த நீர் மேலேறும்போது சூடேறுகிறது. ஆகையால் வெண்கறை முதலிற் தோன்றுவது சூடான ஆவி நுழைகின்ற மேல்முனையில். நம் ஆய்கூடத்துக் குழாய்நீர் நின்றுபோகும் நாட்களிற் கிணற்றுநீரை ஏற்றி ஓடவிடுகிறோம். கறை எந்த மாதத்தில் ஏறியது என்று பார்த்தே, எந்த மாதத்தில் நீர் வெட்டு இருந்ததென்று சொல்லிவிடலாம்.

கழுவிய கண்ணாடியை அப்படியே காயவிட்டாலும் கறை வரும். ஒவ்வொரு நீர்த்துளியும் காயும்போது தன்னிலுள்ள உப்பை விளிம்பிற் கொண்டுபோய்ச் சேர்த்து ஒரு வளையம் வரைந்துவிடுகிறது. மேசையிற் சிந்திய கோப்பித் துளி விளிம்பிற் கறுத்து நடுவில் வெளிறிக் காய்வதும் இதனாலேயே. துளியின் ஓரம் விரைந்து காய்வதால் உள்ளிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, அதுவே காரணம் என்று சிக்காகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 1997 ஆம் ஆண்டிலேதான் விளக்கினார்கள். அத்தனை நூற்றாண்டு கோப்பி குடித்த உலகம் அதுவரை மேசையைத் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது!

எப்படிக் கழுவுவது?

தூளே கூடாது என்று நாம் கூறவில்லை. தடித்த எண்ணெய்க் கறைக்கும், ஒட்டிக் காய்ந்த பாசிக்கும் அது உதவும். ஆனால் அளவி, குழாயி போன்று அளவு குறித்த கருவிகளுக்குத் தூள் அறவே ஆகாது. அவற்றுக்குச் சவர்க்கார நீரில் ஊறவைத்தலே போதும். பிள்ளைகளின் பாற்போத்தலுக்கும் அப்படியே. மற்றக் குழாய்களுக்குத் தூளைப் பயன்படுத்துவதாயின், உலர்ந்த தூளைக் குழாய்க்குள் கொட்டுவது முதற்பிழை. கிண்ணத்தில் நீர்விட்டு மோர்போற் கரைத்து, அதில் மயிர்த்தூரிகையைத் தோய்த்துத் தேய்க்கவேண்டும். தூரிகையின் நுனிக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே கண்ணாடியைக் கீறும். நுனியில் ஒரு சிறு துணி கட்டிவிடுக. தேய்த்தபின் 'சற்று ஊறட்டும்' என்று வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது இரண்டாம் பிழை. காய்ந்த தூள் சுவரிற் பற்றிக்கொண்டால் நீர் எவ்வளவு ஓடினும் அசையாது. நம் அளவிகளுக்கு நேர்ந்தது இதுவே.

அலசும் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. மாணவர் இதனைக் குறித்துக்கொள்வது நன்று. குழாயைக் கவிழ்த்து வடித்தபின்னும் சுவரில் 1 கன சென்ரிமீற்றர் அழுக்குநீர் ஒட்டிநிற்பதாகக் கொள்வோம். 30 கன சென்ரிமீற்றர் நல்ல நீரை ஒரேமுறையாக ஊற்றிக் குலுக்கி வடித்தால், எஞ்சும் அழுக்கு 31 இல் ஒரு பங்கு. அதே நீரைப் பத்துப் பத்தாகப் பிரித்து மும்முறை அலசினால், முதலில் 11 இல் ஒன்று, பின் 121 இல் ஒன்று, முடிவில் 1,331 இல் ஒன்று. நீர் அதே முப்பதுதான். துப்புரவு நாற்பது மடங்குக்கு மேல். நீர் வெட்டு உள்ள ஊரில் இந்தக் கணக்கின் அருமை தெரியும். ஆனால் இது கரைந்த அழுக்குக்கே பொருந்தும். ஒட்டிய தூளுக்கு அன்று.

ஒட்டிய தூளுக்கும், வன்னீரின் வெண்கறைக்கும் மருந்து ஒன்றே: புளிப்பு. வினாகிரியை இருமடங்கு நீரிற் கலந்து குழாயை நிரப்பி அரைமணி நேரம் வைத்தால், குமிழி விட்டுக் கரைந்துவிடும். ஒடுக்கியின் வெளிக்குழாய்க்கு இதுவன்றி வேறு வழியில்லை. கீழ்வாயை அடைத்து, மேல்வாயால் நிரப்பி, சாய்த்து வைத்துவிட வேண்டியதுதான். தேசிக்காய்ச் சாறும் உதவும். வடிகட்டாமல் விட்டாற் சக்கை உள்ளே தங்கி, ஒரு கறைக்கு மறு கறையாகும். தூளையும் வினாகிரியையும் ஒருமிக்கக் கலந்து தேய்ப்போர் உளர். நுரைப்பதைக் கண்டு பெருவேலை நடப்பதாக எண்ணுவர். ஒன்றையொன்று தின்று இரண்டும் வீணாவதே அங்கு நடப்பது. அதனினும் முக்கியம்: வெளிற்றும் பொருள் கலந்த தூளோ திரவமோ புளிப்போடு சேர்ந்தாற் குளோரீன் வாயு எழும். அது நஞ்சு. சன்னல் சாத்திய குளியலறையில் இந்தக் கலவையை ஒருபோதும் முயலலாகாது. ஒன்றை முற்றாக அலசி நீக்கிய பின்னரே மற்றதைத் தொடுக.

முன்னாளில் ஆய்கூடங்களில் எல்லாக் கறைக்கும் ஒரே மருந்தாகக் குரோமிக் அமிலக் கலவை இருந்தது. செம்மஞ்சள் நிறத்தில் அழகாயிருக்கும். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைப்பது என்று தெரிந்தபின் அறிவுடையோர் அதனைக் கைவிட்டனர். பழைய அலுமாரிகளில் எங்கேனும் அப்போத்தல் இருப்பின், மாணவர் அதனைத் தொடாதிருப்பார்களாக.

கடைசி அலசலுக்கு மழைநீர் மிக நன்று. கூரையின் முதல் ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பிடித்த நீராயின் அது ஏறத்தாழ வடிநீருக்கு நிகர். குழாய் துப்புரவாயிற்றா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நீரை ஊற்றி வடியவிடுக. சுவரில் ஒரே படலமாக நீர் வழிந்தாற் சுத்தம். ஆங்காங்கே துளிகளாக உடைந்து நின்றால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது. பின்பு வாய் கீழாகக் கவிழ்த்துக் காற்றில் உலரவிட வேண்டும். துணியால் உட்புறம் துடைத்தால் நூல் ஒட்டும்.

ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலுக்கும் பூச்சாடிக்கும் வீட்டுத்தாய்மார் ஒரு கைப்பிடி அரிசியும் சிறிது சவர்க்கார நீரும் இட்டுக் குலுக்குவது நல்ல முறை. அரிசி கண்ணாடியைக் கீறாது. நொறுக்கிய முட்டையோடும் கீறாது. ஆயின் அதுவும் கல்சைற்றே ஆதலாற் பின்னர் நன்கு அலச மறக்கலாகாது.

இனி அந்த மாணவியின் செய்தி. மறுநாட் காலை அவளை ஆய்கூடத்துக்கு அழைத்து, ஒன்றும் கூறாமல், அளவியில் அமிலத்தை நிரப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். வெகுநேரம் பார்த்தாள். "முட்டை முட்டையாக வருது சேர்" என்றாள். காரணத்தை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தோம். இரண்டு நிமிடத்திற்குள் சொல்லிவிட்டாள். அவளுடைய கொப்பியை வாங்கி, சிவப்பு மையில் இருந்த சொல்லைக் கோடிட்டு வெட்டி, 'வாசிப்புச் சரி. அளவியைக் கெடுத்தவர் ஆசிரியர்' என்று எழுதிக் கையொப்பமும் திகதியும் இட்டோம். அவள் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அப்ப மார்க் எவ்வளவு சேர்?" என்றுதான் கேட்டாள். கொடுத்தோம். கலைப்பிரிவு விண்ணப்பத்தைப் பற்றி அவளும் பேசவில்லை; நாமும் கேட்கவில்லை. அடுத்த செய்முறை வகுப்புக்கு வந்திருந்தாள். அளவியை அமிலத்தால் மூன்று தடவை சிறிது சிறிதாக அலசிவிட்டே நிரப்பினாள்.

ஆறு அளவிகளையும் வினாகிரியில் ஊறவைத்து மீட்டுவிட்டோம். இரண்டில் மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. அவற்றை நீர் வார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். மிஞ்சிய தூளை உதவியாளர் கைகழுவும் தொட்டிக்குப் பயன்படுத்துகிறார். ஒடுக்கியின் மேல்முனை வெண்கறையும் போய்விட்டது. ஆனால் இறப்பர்க் குழாய் பொருந்தும் வாயருகே துருநீர் விட்ட பழுப்பு வளையம் வினாகிரிக்கு அசையவில்லை. அதற்கு ஒட்சாலிக்கமிலம் வேண்டுமாம். அது நஞ்சாதலாற் கையுறையோடு, மாணவர் இல்லாத ஒரு சனிக்கிழமையிற் பார்க்கலாம் என்று அண்ணே சொல்லியிருக்கிறார்.